போட்டி றோபோவின் அடிச்சட்டகமும் கடுகண்ணாவை ஏற்றமும்

மிக இலேசான மயிலிறகேயாயினும் அளவின்றி ஏற்றப்படின் வண்டியின் அச்சு முறிந்துபோம் என்பதனை வள்ளுவர் அரசியலுக்கு உவமையாக எடுத்தாண்டார். உவமிக்கப்பட்ட பொருளை விடுத்து உவமையை மட்டும் நோக்கின், அது வண்டி செய்யுங் கம்மியன் ஒருவனது அறிவு என்பது புலனாகும். அச்சும் சட்டமும் எதுவரை தாங்கும், எதற்கு மேல் தாங்கா என்பதை அறிந்தவனே வண்டி செய்ய வல்லவன். இக்காலத்து மாணவர் போட்டிகளுக்கென அமைக்கும் றோபோக்களிலும் முதற்கண் எழும் வினா இதுவேயாம். ஆயினும் மூளை போன்ற நுண்கணினிக்கும் கண் போன்ற உணரிகளுக்கும் செலுத்தப்படும் கவனத்தில் நாலிலொரு பங்கேனும் அவற்றைச் சுமந்தோடும் அடிச்சட்டகத்துக்குச் செலுத்தப்படுவதில்லை. போட்டி மேடையிலே திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமலும், ஏறவேண்டிய சரிவில் ஏறாமலும் நின்றுவிடும் பொறிகள் பலவற்றில் பிழை கணினி நிரலில் இருப்பதில்லை. சில்லுகளுக்கு மேலேயுள்ள சட்டத்தில் இருக்கிறது.

அடிச்சட்டகம் என்பது சில்லுகள், அச்சுகள், மோட்டர்கள், பற்சில்லுகள் ஆகிய செலுத்து தொகுதியையும், அவற்றையெல்லாம் ஒன்றோடொன்று உரிய இடத்தில் நிறுத்திவைக்கும் சட்டத்தையும் ஒருங்கே குறிக்கும். இவ்விரண்டையும் வேறுவேறாக எண்ணுவது தவறு. சட்டம் வளைந்தால் அச்சு கோணும். அச்சு கோணினால் பற்சில்லுகள் இறுகும். அவை இறுகினால் மோட்டர் சூடேறும்.

மாணவர் பொறிகளின் போட்டி நேற்றுத் தோன்றியதன்று. சிக்கலான சுவர்வழிகளுக்கூடாகத் தானே வழி கண்டு ஓடும் 'நுண்ணெலி' என்னும் சிறு பொறிகளுக்கான போட்டியை 1977 ஆம் ஆண்டில் அமெரிக்க மின், மின்னணுப் பொறியியலாளர் நிறுவனத்தின் சஞ்சிகையொன்று அறிவித்தது. அதன் இறுதிச்சுற்று 1979 இல் நியூயோர்க்கில் நிகழ்ந்தது. பதினாறுக்குப் பதினாறாக வகுக்கப்பட்ட, ஒவ்வொன்றும் 18 சதமமீற்றர் அகலமுள்ள அறைகளே அப்போட்டியின் களம். ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் நடத்தும் பல்கலைக்கழகப் போட்டி 2002 இல் தோக்கியோவில் தொடங்கியது. இலங்கை அணிகளும் அதிற் பங்குகொண்டுள்ளன. முன்னையதில் பொறி உள்ளங்கையில் அடங்கும். பின்னையதில் ஒரு மனிதன் தூக்கவியலாத அளவு பெரிதாயிருக்கும். அளவு வேறாயினும் இரண்டிலும் அடிச்சட்டகத்தை ஆளும் விதிகள் ஒன்றே.

கண்டி நகரைச் சூழ்ந்த நாட்டில் வாழும் மாணவனுக்கு இவ்விதிகளைக் கற்பதற்கு நூலகத்துக்கும் முன்னே வேறோரிடம் உண்டு. கொழும்பில் 1950 இல் தொடங்கிய பொறியியற் பீடம் 1964 இல் மகாவலிக் கரையிலுள்ள பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அன்று தொட்டு மேற்குக் கரையிலிருந்து புகையிரதத்தில் அப்பீடத்தை நோக்கி வந்த மாணவர் அனைவரும் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்தே வந்தனர். பாறைகளையும் சுரங்கங்களையும் கண்டு வியந்தோர் பலர். தம்மை இழுத்துச் செல்லும் பொறி ஏன் வழுக்காமல் ஏறுகின்றது என வினவியோர் சிலரே. அவ்வினாவுக்கு விடை காணும் மாணவன் தன் சிறு றோபோவின் அடிச்சட்டகத்தையும் பாதி அமைத்து முடித்தவனாவான்.

கண்டிக்கு இருப்புப்பாதை வந்துசேர்ந்த ஆண்டு 1867. றம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே அப்பாதை 44 அடி ஓடுவதற்குள் ஓரடி உயர்கின்றது. காகிதத்தில் இது சிறு சரிவே. ஆனால் உருக்குத் தண்டவாளத்தின் மீது உருக்குச் சில்லு உருளும்போது உராய்வுக் குணகம் உலர்ந்த நாளில் ஏறத்தாழ 0.25 மட்டுமே. அதாவது, இயக்கு சில்லுகளின் மேலுள்ள ஒவ்வொரு தொன் நிறைக்கும் 250 கிலோகிராம் நிறைக்கு ஈடான இழுவையே கிடைக்கும். வண்டித்தொடரின் ஒவ்வொரு தொன்னும் சரிவின் காரணமாக 23 கிலோகிராமளவு பின்னிழுக்கும்; வளைவுகளின் தடையையும் உருள்தடையையும் கூட்டினால் அது 28 ஐ எட்டும். ஆகவே, இயக்கு சில்லுகள் தாங்கும் நிறையைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு நிறையையே பொறி இழுத்தேற்றலாம். மழை தூறித் தண்டவாளம் நனைந்தாலோ குணகம் பாதியாகக் குறையும். இழுக்கக்கூடிய பாரமும் பாதியாகும். சில்லின் முன் மணல் தூவுவதும், தொடரின் பின்புறத்தில் இன்னோர் எஞ்சினை வைத்துத் தள்ளுவதும் இதனாலேயே வேண்டப்பட்டன.

எஞ்சினை இன்னும் பாரமாக்கினாலென்ன என்று ஒருவர் கேட்கலாம். பாரத்தைக் கூட்டினால் பாலமும் தண்டவாளமும் தாங்கா. எனவே பாரத்தைப் பல அச்சுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வழியைப் பொறியியலாளர் நாடினர். மலைநாட்டுப் பாதைக்கென 1927 இல் ஒன்றும், 1945 இல் எட்டுமாக வந்த 'கறற்' வகை நீராவி எஞ்சின்களில் கொதிகலம் நடுவே தொட்டில்போலத் தொங்க, அதன் இருமுனைகளிலும் தனித்தனியே திரும்பவல்ல இரு செலுத்து தொகுதிகள் அமைந்திருந்தன. நீண்ட பொறியொன்று ஒடுங்கிய வளைவில் மடங்கிச் செல்லவும், பாரம் பல சில்லுகளுக்குப் பரவவும் ஒரே அமைப்பு உதவியது. 1954 இலிருந்து கனடாவினின்று வந்த டீசல் எஞ்சின்களிலோ ஒவ்வொரு தாங்கியிலும் மூன்று அச்சுகள் இருந்தன. அவற்றுள் நடு அச்சுக்கு மோட்டர் இல்லை. அது பாரத்தைத் தாங்கியது, ஆனால் இழுக்கவில்லை. தண்டவாளத்துக்கு நன்மை, இழுவைக்கு இழப்பு. கடுகண்ணாவையில் 2014 ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலைக்குச் செல்பவர், பழைய பொறிகளின் பளபளப்பை மட்டும் கண்டு மீளாது, குனிந்து அவற்றின் சட்டங்களையும் அச்சுகளையும் பார்ப்பாராயின் செலவிட்ட பொழுது வீணாகாது.

இனி றோபோவுக்கு வருவோர் இங்கே ஒரு முரண்பாட்டைக் காண்பர். எஞ்சின் பாரமாக இருக்கவேண்டும் என்பது மேற்கூறியவற்றின் பொருளாயின், போட்டிப் பொறியை இலேசாகச் செய்க என்பது எங்ஙனம் பொருந்தும்? சரிவில் தம் பொறி வழுக்குவதைக் கண்ட மாணவர் அதன் மேல் ஈயக்கட்டியை ஏற்றுவதுண்டு. பயன் கிட்டாதபோது இன்னொன்றையும் ஏற்றுவர். முடிவில் மோட்டர் கருகும்.

உயர்தர வகுப்பிற் சாய்தளக் கணக்குச் செய்த எவரும் இம்முரண்பாட்டை அவிழ்க்கலாம். சரிவில் நிற்கும் பொறியைக் கீழே இழுக்கும் விசை அதன் நிறைக்கு விகிதசமமானது. சில்லுக்குக் கிடைக்கும் உராய்வும் அந்நிறைக்கே விகிதசமமானது. சமன்பாட்டின் இருபுறத்திலும் நிறை இருப்பதால் அது வெட்டுண்டு போகின்றது. எஞ்சி நிற்பவை மூன்றே: உராய்வுக் குணகம், மொத்த நிறையில் இயக்கு சில்லுகள் தாங்கும் பங்கு, சரிவுக் கோணத்தின் தாஞ்சன். முதலிரண்டின் பெருக்கம் மூன்றாவதினும் போதிய அளவு மிகுந்திருந்தால் பொறி ஏறும், குறைந்திருந்தால் ஏறாது. எனவே, பாரம் எவ்வளவு என்பதன்று, எங்கே என்பதே கேள்வி. எஞ்சினுக்குப் பாரம் வேண்டப்படுவது, அது தன்னை மட்டுமன்றிப் பிற வண்டிகளையும் இழுப்பதனால். எதிர்ப்பொறியைத் தள்ளி வெளியேற்றும் மற்போர்ப் போட்டிகளில் றோபோவுக்கும் அந்நிலை உண்டு. அங்கே விதி அனுமதிக்கும் பாரம் முழுவதையும் கொள்வதே அறிவுடைமை. ஏனைய போட்டிகளில் ஒவ்வொரு கிராமும் மோட்டருக்கும் மின்கலத்துக்கும் சுமையேயன்றிப் பிடிப்புக்குத் துணையன்று.

எடுத்துக்காட்டாக ஒரு பொறியை எண்களால் ஆராயலாம். அதன் திணிவு 3 கிலோகிராம். முன் பின் சில்லுகளுக்கிடையே 160 மில்லிமீற்றர். புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 80 மில்லிமீற்றர் உயரத்தில். சில்லின் விட்டம் 65 மில்லிமீற்றர். இரப்பருக்கும் பலகைக்குமிடையே குணகம் 0.7. இரண்டு சில்லுகள் இயக்கப்படுகின்றன. சமதளத்தில் அவை நிறையில் நூற்றுக்கு 60 பங்கைத் தாங்குகின்றன. மீதியை மோட்டரில்லாத ஒரு சுழற்சில்லு தாங்குகிறது. இப்பொறி 15 பாகைச் சரிவில் செக்கனுக்குச் செக்கன் ஒரு மீற்றர் என்னும் ஆர்முடுகலுடன் ஏறவேண்டும்.

சரிவினால் 7.6 நியூற்றன், ஆர்முடுகலுக்கு 3 நியூற்றன், உருள்தடைக்கு ஏறத்தாழ 0.9 நியூற்றன் என மொத்தம் 11.5 நியூற்றன் விசை தேவை. சரிவுக்குச் செங்குத்தான நிறை 28.4 நியூற்றன், அதில் 60 பங்கு 17 நியூற்றன், அதற்குரிய உராய்வு 11.9 நியூற்றன். தேவை 11.5, கிடைப்பது 11.9 எனவே ஏறிவிடும் என்று முடிவுசெய்பவர் ஒன்றை மறந்தவராவார். சரிவில் ஏறும்போதும் ஆர்முடுகும்போதும் பாரம் பின்னோக்கிப் பெயர்கின்றது. இங்கே அப்பெயர்ச்சி 5.3 நியூற்றன். இயக்கு சில்லுகள் முன்புறத்தில் இருப்பின் அவற்றின் மேலுள்ள நிறை 11.7 ஆகக் குறைய, உராய்வு 8.2 நியூற்றன் மட்டுமே கிடைக்கும். பொறி சரிவின் அடியில் நின்று சில்லைச் சுழற்றிக்கொண்டிருக்கும். அதே சில்லுகள் பின்புறத்தில் இருப்பின் நிறை 22.4 ஆகி, உராய்வு 15.7 நியூற்றனாகும், பொறி இலகுவில் ஏறிவிடும். ஒரு கிராமும் கூட்டாமல், ஒரு சதமும் செலவிடாமல், பொறியை மறுபக்கம் திருப்பியதனால் மட்டும் விளைந்த வேறுபாடு இது. முன்புறச் சில்லாயினும் ஆர்முடுகாமல் ஒரே கதியில் மெல்ல ஏறினால் 8.5 நியூற்றனே தேவைப்பட, 9.3 கிடைப்பதால் மயிரிழையில் ஏறிவிடும் என்பதும் கவனித்தற்குரியது. ஒத்திகையில் மெதுவாக ஓட்டியபோது ஏறிய பொறி போட்டியன்று வேகமாக ஓட்டப்பட்டு வழுக்குவதன் மருமம் இதுவே.

மின்கலத்தை எங்கே வைப்பது என்பதும் இக்கணக்கினால் தெளிவாகும். மோட்டர்கள் நீங்கலாகப் பொறியிற் பாரமான உறுப்பு மின்கலமே. அது மேற்றட்டில், கையெட்டும் வசதிக்காக வைக்கப்படுவதைக் காண்கிறோம். அதனை இயக்கு சில்லுகளின் அச்சுக்கு அண்மையில், இயன்றவரை தாழ்வாக வைத்தால், வேறெதனையும் மாற்றாமலே பங்கு உயரும், மையம் தாழும். வழித்துணைக்குக் கட்டிய சோற்றுப்பொதியைத் தலையிற் சுமப்பவனுக்கும் இடையிற் கட்டியவனுக்கும் உள்ள வேறுபாடு இதில் உண்டு.

ஏறுவதைவிடக் கடினமானது திரும்புவது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தையொட்டி ஐந்து தேர்கள் வீதிவலம் வருவதைக் கண்டவர், தேர் மூலையில் திரும்பும்போது நிகழ்வதை நினைவுகூரலாம். மரபான தேரின் அச்சுகள் சட்டத்தோடு அசையாமற் பூட்டப்பட்டவை. மோட்டர் வண்டிபோல முன் சில்லுகளைத் திருப்ப இயலாது. ஆதலின் ஒருபுறச் சில்லின் கீழ்க் கட்டையிட்டு அதனைத் தடுத்து, மறுபுறத்தை இழுப்பர். அப்போது சில்லுகள் உருள்வதோடு பக்கவாட்டிலும் தேய்ந்து சறுக்குகின்றன. கட்டையிடுவோனின் கைத்திறத்திலேயே தேரின் திருப்பம் தங்கியுள்ளது. நான்கு சில்லுகளும் சட்டத்தோடு நேராகப் பூட்டப்பட்ட றோபோவும் இத்தேரின் இனத்ததே. இடப்புற மோட்டர் முன்னோக்கியும் வலப்புற மோட்டர் பின்னோக்கியும் சுழல, பொறி தேய்ந்து சறுக்கியே திரும்பும்.

இங்கு ஓர் எளிய விதி பிறக்கின்றது. திருப்பும் முயற்சிக்குக் கை கொடுப்பது பொறியின் அகலம். தடுப்பது முன் பின் சில்லுகளுக்கிடையேயுள்ள நீளம். உராய்வு எத்திசையிலும் ஒன்றேயெனக் கொண்டால், திருப்பும் முறுக்கம் அகலத்தின் பாதிக்கும், எதிர்க்கும் முறுக்கம் நீளத்தின் பாதிக்கும் விகிதசமமாயிருக்கும். எனவே அகலம் நீளத்தினும் மிகுந்திருத்தல் நன்று. 20 சதமமீற்றர் அகலமும் 30 சதமமீற்றர் நீளமும் உள்ள நாற்சில்லுப் பொறி இலகுவில் திரும்பாது. மோட்டர்கள் முனக, பொறி துள்ளித் துள்ளித் திரும்பும். அங்ஙனம் துள்ளுவதைக் கண்டு கணினி நிரலைத் திருத்த முற்படுவது, கோணற் கத்தரிக்கோலைக்கொண்டு துணியைக் குறை கூறுவதை ஒக்கும்.

இதற்குப் பரிகாரம் பலவுண்டு. இரண்டு சில்லுகளை நீக்கி ஒரு சுழற்சில்லை வைக்கலாம். பக்கவாட்டுத் தேய்வு ஒழியும், ஆனால் டீசல் எஞ்சினின் நடு அச்சைப்போல அது பாரத்தை வாங்கிக்கொண்டு இழுவையைத் தராது. ஓரத்திற் சிற்றுருளிகள் பதித்த சில்லுகளை ஒருமுனையில் பூட்டலாம். அவை முன்னோக்கி இழுக்கும், பக்கவாட்டில் வழிவிடும். சுவீடன் நாட்டுப் பெங்த் இலொன் என்னும் பொறியியலாளர் 1970 களின் தொடக்கத்தில் உருளிகளை 45 பாகை சாய்த்துப் பதித்து எத்திசையிலும் நகரும் சில்லைக் கண்டார். அது கண்ணுக்கு இனியதாயினும் பாரமானது, சரிவில் பிடிப்புக் குறைந்தது, விலையும் மிக்கது. இவையனைத்திலும் சிக்கனமானது ஆறு சில்லு முறை. பக்கத்துக்கு மூன்றாக ஆறு சில்லுகளை வைத்து, நடுச்சோடியை ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தாழ்த்திப் பூட்டுவர். அப்போது எந்நேரமும் நடுச்சோடியும் ஒருபுறச் சோடியும் மட்டுமே தரையைத் தொடும். மேற்கூறிய 30 சதமமீற்றர் நீளம் திரும்பும்போது 15 ஆகச் சுருங்கும். அகலமோ 20 ஆகவே நிற்கும். பொறி தடையின்றித் திரும்பும். மூன்று மில்லிமீற்றர் தாழ்வு செய்யும் வேலை இது.

முக்காலி எத்தரையிலும் ஆடாது. நாற்காலி சமதளத்திலன்றி ஆடாமல் நில்லாது. சட்டம் மிக விறைப்பாயிருந்து தரை சற்றே கோணலாயிருப்பின் நான்கு சில்லில் ஒன்று அந்தரத்தில் தொங்கும். அதன் பங்குப் பிடிப்பு முழுவதும் வீணாகும். பள்ளிக்கூட மண்டபங்களில் விரிக்கப்படும் போட்டிப் பலகைகளின் பொருத்துகளில் ஓரிரு மில்லிமீற்றர் ஏற்றத்தாழ்வு இருப்பது இயல்பு. எனவே நாற்சில்லுப் பொறியில் முன்னச்சை நடுவில் ஓர் ஆணியிற் பூட்டி ஊஞ்சல்போல ஆடவிடுவது பழைய உழவு இயந்திரங்கள் கற்பித்த நல்ல உபாயம்.

சட்டத்தை எதனாற் செய்வது என்பதில் மாணவரிடையே வழங்கும் கருத்துகள் பல ஆராயாமற் கொள்ளப்பட்டவை. அலுமினியம் இலேசு, உருக்குப் பாரம், மரம் பழையது, ஒளிபுகும் அக்கிரிலிக்குத் தகடு நாகரிகமானது என்பர். தகட்டின் வளைவு விறைப்பு அதன் தடிப்பின் கனத்துக்கு விகிதசமமாகும் என்னும் உண்மையை இங்குப் பயன்படுத்தவேண்டும். தடிப்பை இருமடங்காக்கினால் விறைப்பு எண்மடங்காகும். ஆகவே அடர்த்தி குறைந்த பொருள், தன் மென்மையைத் தடிப்பினால் ஈடுசெய்துவிடும். இரண்டு மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டின் விறைப்பை அளவுகோலாகக் கொண்டால், அதே விறைப்புக்கு உருக்கு 1.4 மில்லிமீற்றரும், அக்கிரிலிக்கு ஏறத்தாழ 5.7 மில்லிமீற்றரும், நல்ல ஒட்டுப்பலகை ஏறத்தாழ 4 மில்லிமீற்றரும் வேண்டும். சதுர மீற்றருக்கு உருக்கு 11 கிலோகிராம், அக்கிரிலிக்கு 6.8, அலுமினியம் 5.4, ஒட்டுப்பலகை 2.5. நாகரிகமான அக்கிரிலிக்கு அலுமினியத்தினும் பாரமாக முடிகின்றது. அன்றியும் திருகாணித் துளையிலிருந்து வெடித்துப் பிளக்கும். பழமையென ஒதுக்கப்பட்ட பலகையோ அலுமினியத்தின் பாதியளவும் நிறையாமல் அதே விறைப்பைத் தருகிறது.

மரத்தின் ஆற்றலைக் கண்டியார் அறியாதவரல்லர். பேராதனையில் மகாவலியின் குறுக்கே 1833 இல் முடிக்கப்பட்ட பாலம் முழுவதும் முதிரை மரத்தால் ஆனது. 205 அடி அகலத்தை நடுவே தூணின்றி ஒரே வில்லாகத் தாண்டியது. 1905 வரை நின்றது. ஆயினும் மலைநாட்டின் ஈரக்காற்றில் மெல்லிய ஒட்டுப்பலகை ஈரமுறிஞ்சி உப்பும், வளையும். வெட்டிய ஓரங்களுக்கும் துளைகளுக்கும் உள்ளே வாணிசு பூசாவிடில் மழைக்காலத்தில் அச்சுத் துளைகள் இடம்பெயரும். மோட்டரும் அச்சும் பூட்டும் இடங்களில் மட்டும் சிறு அலுமினியத் துண்டுகளை வைத்து, ஏனைய பரப்பைப் பலகையாற் செய்வதே மிகச் சிறந்தது எனலாம்.

இலேசாக்கும் ஆவலில் தகடெங்கும் துளையிடுவதும் காணப்படுகிறது. துளைகள் நடுவில் இருக்கலாம், ஓரங்களில் இருத்தலாகாது. வளையும் உறுப்பில் தகைப்பு மேல் கீழ் ஓரங்களிலேயே மிகுதி, நடுப்பகுதி சோம்பியிருப்பது. முறுக்கத்தைத் தாங்குவதற்கோ மூடிய பெட்டியே வேண்டும். சப்பாத்துப் பெட்டியொன்றை மூடியின்றி இருகைகளாலும் முறுக்கிப் பார்த்தால் அது இலகுவில் முறுகும்; மூடியை ஒட்டிவிட்டு முறுக்கினால் முறுகாது. கீழ்த்தகடும் நான்கு பக்கச் சுவர்களும் கொண்ட சட்டத்துக்கு மெல்லிய மேற்றகடு ஒன்றைத் திருகினால், சேர்ந்த பாரத்தினும் பன்மடங்கு விறைப்பு வந்துசேரும்.

இனி மோட்டர். மேற்காட்டிய பொறிக்கு ஒவ்வொரு சில்லிலும் 5.75 நியூற்றன் விசை, ஆரை 32.5 மில்லிமீற்றர், ஆகவே முறுக்கம் 0.19 நியூற்றன் மீற்றர். செக்கனுக்கு 0.6 மீற்றர் கதியில் ஓடவேண்டுமெனின் சில்லு நிமிடத்துக்கு ஏறத்தாழ 176 முறை சுற்றவேண்டும். சிறு நேரோட்ட மோட்டர்கள் தம் தேக்கமுறுக்கத்தின் காற்பங்களவில் வேலைசெய்யும்போதே சூடேறாது நெடுநேரம் உழைக்கும், ஆதலின் 0.75 நியூற்றன் மீற்றரளவு தேக்கமுறுக்கமுள்ள பற்சில்லு மோட்டரைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். சந்தையில் மஞ்சட் கூட்டுக்குள் வரும் மலிவான மோட்டர் இதற்குக் கிட்டவும் வராது. அதனையே பூட்ட வேண்டிய நிலையிருப்பின் பொறியின் திணிவை ஒரு கிலோகிராமுக்கும் கீழே கொண்டுவந்து, சில்லின் விட்டத்தையும் குறைக்கவேண்டும். இலேசான அடிச்சட்டகம் என்பது அழகுக்காகவன்று. மலிவான மோட்டரையும் போதுமானதாக்கும் வழி அது.

இந்நாட்டில் இதன் அருமை 2022 இல் நன்கு உணரப்பட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிகள் பலவற்றுக்குத் தடை விதிக்கப்பட்ட அவ்வாண்டில், கருகிய மோட்டருக்கு மாற்று வாங்குவது எளிதாயிருக்கவில்லை. மோட்டர் கருகுவது பெரும்பாலும் சில்லு சிக்கி நின்று, மின்னோட்டம் முழுவதும் வெப்பமாக மாறும்போதே. மேற்காட்டிய பொறியில் பிடிப்பின் எல்லை 15.7 நியூற்றன், ஒரு சில்லுக்கு 0.26 நியூற்றன் மீற்றர். மோட்டரின் தேக்கமுறுக்கம் அதனினும் மும்மடங்காக இருப்பதால், பொறி சுவரில் முட்டினாலும் மோட்டர் நிற்கு முன்னரே சில்லு வழுக்கிவிடும். வழுக்கல் இங்கே குற்றமன்று, காப்பு. ஈயக்கட்டி ஏற்றி வழுக்கலை ஒழித்தவர் அக்காப்பையும் சேர்த்து ஒழித்தவராவர்.

சில்லை மோட்டரின் தண்டிலேயே நேராகச் செருகுவது எளிது. ஆனால் பொறியின் நிறையும் மோதலின் அதிர்ச்சியும் அப்போது பற்சில்லுப் பெட்டிக்குள்ளேயே செல்லும். தண்டின் மறுமுனையைச் சட்டத்தின் வெளிச்சுவரில் ஒரு குண்டுப்போதிகையிற் தாங்கச்செய்தால் வளைவுத் திருப்பம் மிகக் குறைந்துவிடும். கூடும் பாரம் சில கிராம்களே. வண்டிற் சில்லின் வெளிப்புறத்தில் கடையாணி இடும் தச்சனுக்கும் அச்சின் முனையைக் காக்கும் அவசியம் தெரிந்திருந்தது.

நேரே ஓடுவது தானாக அமைவதன்று. இருபுறச் சில்லுகளின் விட்டத்தில் நூற்றுக்கு ஒன்று வேறுபாடு இருந்து, அவற்றின் இடைத்தூரம் 160 மில்லிமீற்றராயின், ஒரு மீற்றர் ஓடுவதற்குள் பொறி 3.6 பாகை திரும்பி, 3 சதமமீற்றர் விலகிநிற்கும். நுண்ணெலிக் களத்தில் அது சுவரில் மோதுவதற்குப் போதும். 65 மில்லிமீற்றர்ச் சில்லில் நூற்றுக்கு ஒன்று என்பது அரை மில்லிமீற்றரைச் சற்றே தாண்டியது. ஒருபுறத்தில் மின்கலம் வைத்ததனால் அப்பக்க இரப்பர் அமுங்குவதே அவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கலாம். சுழற்சியை எண்ணும் உணரிகளால் இதனைத் திருத்தலாமெனினும், அவை எண்ணுவது சுற்றுகளையேயன்றி விட்டத்தை அன்று. திரும்பும் விரைவுக்கோ சடத்துவத் திருப்பம் தடை. மையத்திலிருந்து 30 மில்லிமீற்றரில் உள்ள 100 கிராமை 120 மில்லிமீற்றருக்கு நகர்த்தினால் அதன் தடை 16 மடங்காகும்.

வரைபடத்தில் எண்ணியபடி பாரம் பகிரப்பட்டுள்ளதா என்பதை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அடுப்பங்கரைத் தராசு ஒன்று போதும். ஒரு சில்லைத் தராசின் மேலும், ஏனையவற்றைத் தராசின் உயரத்துக்குச் சமமான புத்தக அடுக்குகளின் மேலும் வைத்து வாசித்து, பின்னர் ஒவ்வொரு சில்லாக மாற்றவேண்டும். வாசிப்புகளின் கூட்டுத்தொகை முழுப்பொறியின் நிறைக்கு ஒத்திருந்தால் அளவை சரி. இடப்புறமும் வலப்புறமும் ஐம்பது கிராமுக்கு மேல் வேறுபட்டால் மின்கலத்தைச் சில மில்லிமீற்றர் நகர்த்திவிட்டு மீண்டும் நிறுக்கவேண்டும். சரிவுப்பலகையின் கோணத்துக்கேற்ப முன்புறத்தைப் புத்தகங்களால் உயர்த்தி நிறுத்தால், பாரம் பின்னோக்கிப் பெயர்வதையும் தராசின் முள்ளிலேயே கண்டுகொள்ளலாம்.